ஜிப்சிக்கு வீட்லயே த்ரீ லிங்க் காயில் சஸ்பென்ஷன்: முன்பக்கத்துக்கு முழு வழிகாட்டி

மாருதி ஜிப்சி முன்னாடி இருக்குற பட்டைய (லீஃப் ஸ்பிரிங்) கழட்டிட்டு காயில் போடணும்னு ஆசைப்படுறவங்க முதல்ல கேக்குறது "எந்த ஸ்பிரிங் ப்ரோ வாங்கலாம்"னுதான். ஸ்பிரிங் கடைசில வர்ற விஷயம். இந்த வேலைல முக்கால்வாசி அளக்குறது, டாக் (தற்காலிகமா புடிக்க ஒரு சின்ன வெல்டு) வைக்கிறது, ஸ்பிரிங்கே இல்லாம ஆக்ஸில ஜாக்கில ஏத்தி இறக்கிப் பாக்குறது, எங்கயாவது இடிச்சா டாக்க வெட்டிட்டு திரும்ப வைக்கிறது. முழு வெல்டிங்னு பாத்தா கொஞ்ச நேர வேலைதான், ஆனா அவசரப்பட்டு அத முன்னாடியே பண்ணிட்டா அப்புறம் கிரைண்டரும் கையுமா உக்கார வேண்டியதுதான்.

ஜிப்சிய எடுத்துக்கிட்டதுக்கு காரணம் இருக்கு. 1985ல வந்த வண்டி, லேடர் சேஸி, முன்ன பின்ன ரெண்டும் லைவ் ஆக்ஸில் (ரெண்டு சக்கரத்தையும் சேக்குற ஒரே அச்சு), வீல்பேஸ் 2375 மிமீ, கிங் மாடல் எடை ஒரு டன்ன ஒட்டி, ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (முன்ன பின்ன ஆக்ஸிலுக்கு பவர பிரிக்கிற பெட்டி) கியர்பாக்ஸோட ஒட்டாம தனியா நடுவுல தொங்கும். எடை கம்மிங்கிறதால லிங்க் (ஆக்ஸில சேஸியோட சேக்குற ராடு), போல்ட் எல்லாம் பூதாகரமா போட வேண்டாம். கோவால 2014ல இருந்து நடக்குற ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் மாதிரி போட்டிகள்ல மாடிஃபை பண்ண ஜிப்சி நிறைய ஓடும். ஜீப், மஹிந்திரா எதுவா இருந்தாலும் முறை இதேதான், நம்பர் மட்டும் மாறும்.

பூட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம்

சட்டம் முதல்ல. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 படி கம்பெனி கொடுத்த ஸ்பெக்ல இருந்து வண்டிய மாத்தக் கூடாது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் இத உறுதியா சொல்லிருச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபா அபராதம் இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேந்தும் வரலாம். அதனால இது தனியார் இடத்துலயும் போட்டி ட்ராக்லயும் ஓடப்போற வண்டிக்கு, ட்ரெய்லர்ல ஏத்திட்டு போய் இறக்குற வண்டிக்கு. தினம் ஆபீஸ் போற வண்டில இத பண்ணாதீங்க.

ரெண்டாவது, உண்மையிலயே இது வேணுமான்னு யோசிங்க. பட்டைய ஆக்ஸிலுக்கு கீழ இருந்து மேல மாத்தினாலே சுமார் 5 இன்ச் உயரம் கிடைச்சிரும், செலவும் கம்மி. அதுல தொல்லை என்னன்னா ட்ராக் லிங்க் (drag link, ஸ்டியரிங் பாக்ஸ்ல இருந்து சக்கரத்த திருப்பப் போற ராடு) பட்டைல இடிக்கும்னு அத இசட் மாதிரி வளைச்சு விடுவாங்க, அப்புறம் பள்ளத்துல இறங்குறப்பல்லாம் ஸ்டியரிங் தானா திரும்பும். அதோட பட்டை மெலிசா இருந்தா பிரேக் புடிக்கும்போது எஸ் மாதிரி முறுக்கிக்கும். ஜிம்னில கம்பெனியே காயிலோட த்ரீ லிங்க்னு சொல்லி கொடுக்குறாங்களேன்னு கேப்பீங்க, அது ரெண்டு ரேடியஸ் ஆர்மும் ஒரு பான்ஹார்டு ராடும் (ஆக்ஸில் பக்கவாட்டுல நகராம சேஸில இருந்து குறுக்க புடிக்கிற ராடு) சேந்தது. ஒரு சக்கரம் மேலயும் இன்னொண்ணு கீழயும் போகும்போது ரெண்டு ஆர்மும் ஆக்ஸில முறுக்கப் பாக்கும், புஷ் எவ்ளோ விட்டுக் கொடுக்குதோ அவ்ளோதான் ஆட்டம். ரோட்டுக்கு அது ரொம்ப நல்ல டிசைன், பாறைல பத்தாது. நாம பண்ணப் போறது கீழ ரெண்டு லிங்க், மேல ஒரே ஒரு லிங்க், குறுக்க பான்ஹார்டு. இதுல எதுவும் எதையும் எதிர்த்து இழுக்காது.

சாமான்

லோயர் லிங்க்குக்கு ஒன்றரை இன்ச் சீம்லெஸ் பைப், ஷெட்யூல் 80. கடைல ஒன்றரை இன்ச்னு சொல்றது நாமினல் அளவு, வெளி விட்டம் 48.3 மிமீ, சுவர் 5.08 மிமீ இருக்கும். இது தெரியாம லேத்துல 38 மிமீக்கு பங் (பைப் முனைல சொருகி வெல்டு பண்ற மரை போட்ட துண்டு) கடைஞ்சு வச்சா உள்ள போட்டு ஆட்டலாம், அவ்ளோதான். பாறைல அடி வாங்குற வண்டின்னா அதே பைப்ப ஷெட்யூல் 160ல எடுங்க, சுவர் 7.14 மிமீ. அப்பருக்கும் பான்ஹார்டுக்கும் ஒண்ணேகால் இன்ச் ஷெட்யூல் 80 போதும், அது 42.2 மிமீ விட்டம். நீளவாக்குல தையல் போட்ட கட்டில் கால் பைப்பு, ஜிஐ பைப்பு ரெண்டும் வேண்டாம். ஜிஐய பத்த வச்சா வர்ற வெள்ளைப் புகைல காய்ச்சலே வரும்.

பிராக்கெட்டுக்கு 6 மிமீ ப்ளேட், சேஸில ஒட்டுற பேஸ் ப்ளேட்டுக்கு 4 மிமீ. போல்ட் லோயருக்கு எம்16, அப்பருக்கும் பான்ஹார்டுக்கும் எம்14, எல்லாமே 10.9 கிரேடு, நைலாக் நட்டோட, போல்ட் தலைல 10.9னு அடிச்சிருக்கான்னு பாத்து வாங்குங்க. லிங்க் முனைல போற பங்க கடைல EN8னு சொல்ற ஸ்டீல் ராடுல லேத்துல கடைஞ்சுக்கலாம், ஒரு முனை வலது மரை, இன்னொரு முனை இடது மரை, அப்பதான் வண்டில இருக்கும்போதே பைப்ப திருப்பி நீளம் மாத்த முடியும். ராட் எண்டோட (முனைல உருண்டை ஜாயிண்ட் உள்ள மரை ராடு) மரை, அதோட விட்டத்துல குறைஞ்சது ஒன்றரை மடங்கு பங்குக்குள்ள இறங்கி இருக்கணும்.

ஒவ்வொரு லிங்க்லயும் ஒரு முனையாவது உருண்டை ஜாயிண்டா இருக்கணும், இல்லன்னா லிங்க் தன் அச்சுல சுத்த முடியாம பிராக்கெட்ட பிச்சிரும். நான் சேஸி பக்கம் உருண்டை ஜாயிண்டும் ஆக்ஸில் பக்கம் ரப்பர் புஷ்ஷும்தான் வைப்பேன். ரெண்டு முனையும் இரும்பு ராட் எண்டா போட்டா ஷோவுக்கு அழகு, நம்ம மழைக்கும் சேத்துக்கும் சீக்கிரமே லொடலொடன்னு ஆயிரும்.

டூல்ஸ்ல வெல்டிங் மெஷின், கிரைண்டர், ட்ரில் தவிர நாலு நல்ல ஜாக்கி ஸ்டாண்டு, ரெண்டு ட்ராலி ஜாக்கி, ரசமட்டம், மூலைமட்டம், தூக்குக்குண்டு, சுண்ணாம்பு நூல். கொத்தனார் சாமான்னு சிரிக்காதீங்க, லேசர் வச்சிருக்குறவங்கள விட தூக்குக்குண்டு வச்சிருக்குறவங்க சேஸிய ஒழுங்கா அளப்பாங்க. டிகிரி பாக்க போன்லயே ஆப் இருக்கு, அது போதும்.

படி 1: கழட்டுறதுக்கு முன்னாடி அளக்குறது

வண்டிய சமதளத்துல நிறுத்தி, தரைல அழுக்கெல்லாம் கழுவிட்டு, சேஸில ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்குற ஒரு ஓட்டைல இருந்து தூக்குக்குண்டு விட்டு தரைல புள்ளி வைங்க. முன்னாடி ஒரு ஜோடி, பின்னாடி ஒரு ஜோடி. நாலு புள்ளியையும் மூலைக்கு மூலை அளந்தா ரெண்டும் ஒண்ணா வரணும். வரலன்னா சேஸி எப்பவோ அடி வாங்கி கோணிருக்கு, அத முதல்ல சரி பண்ணாம மேல போகாதீங்க. அப்புறம் நடு கோடு ஒண்ணு சுண்ணாம்பு நூல்ல அடிச்சுக்கோங்க, இனி எல்லா அளவும் அந்தக் கோட்டுல இருந்துதான், டேப்ப பம்பர்ல இருந்து புடிக்கக் கூடாது.

எழுதி வைக்க வேண்டியது: வீல்பேஸ் ரெண்டு பக்கமும், காஸ்டர் (சக்கரம் திரும்புற அச்சு பின்னாடி எவ்ளோ சாஞ்சிருக்கு), பினியன் (டிஃபரென்ஷியலுக்குள்ள ஷாஃப்ட் சேர்ற பல்சக்கரம்) கோணம், ட்ராக் லிங்க்கோட ரெண்டு பால் ஜாயிண்ட் மையத்துக்கும் நடுவுல இருக்குற தூரம், சேஸி அடில இருந்து ஆக்ஸில் ட்யூப் வரைக்கும் உயரம், முன் ஷாஃப்ட்ல (ட்ரான்ஸ்ஃபர் கேஸ்ல இருந்து முன் ஆக்ஸிலுக்குப் போறது) ஸ்ப்லைன், அதாவது உள்ள வெளிய வழுக்குற பல்லு, எவ்ளோ வெளிய தெரியுது. பேப்பர்ல எழுதாதீங்க, கிரீஸ் கைல கிழிஞ்சிரும், செவுத்துல மார்க்கர்ல எழுதுங்க.

படி 2: எவ்ளோ உயரம்னு முடிவு பண்றது

உயரத்துல ஆசை வேண்டாம். டிஃபரென்ஷியல் தரைல இருந்து எவ்ளோ மேல இருக்குங்கிறத டயர் மட்டும்தான் மாத்தும், சஸ்பென்ஷன் இல்ல. ஸ்டாக் 205/70 ஆர்15 டயர் விட்டம் 668 மிமீ, 235/75 ஆர்15 போட்டா 733 மிமீ, டிஃபுக்கு அடில சுமார் 33 மிமீ கூடுது, அவ்ளோதான். சஸ்பென்ஷன் தூக்குறது டயர் மேல ஏறும்போது ஃபெண்டர்ல இடிக்காம இருக்கத்தான்.

235 டயர் போட்டா சக்கரத்துக்கு மேல் பக்கம் 100 மிமீ, கீழ் பக்கம் 125 மிமீ ஆட்டம் வச்சா நல்லாருக்கும். டயர உள்ள தள்ளி, ஃபெண்டர்ல இடிக்கிற இடத்துல இருந்து 100 மிமீக்கு மேல கொஞ்சம் விரல் இடம் விட்டு இறக்குங்க, அதுதான் உங்க நிக்குற உயரம். சேஸிய ஸ்டாண்டுல அந்த உயரத்துல வச்சு ரசமட்டம் பாத்து பூட்டிருங்க, ஆக்ஸிலயும் அதோட இடத்துல ஸ்டாண்டுல வைங்க. இப்ப பட்டை, ஷாக்கிள், பழைய ஹேங்கர் எல்லாத்தையும் கழட்டி வெட்டிரலாம்.

படி 3: லிங்க் எங்க வைக்கிறது

ஆக்ஸில் பக்கம் லோயருக்கும் அப்பருக்கும் நடுவுல உயர வித்தியாசம் டயர் விட்டத்துல கால்வாசி இருக்கணும், நமக்கு சுமார் 180 மிமீ. ஏன்னு ஒரு கணக்கு போட்டுப் பாத்துருங்க. ஆள், வின்ச் எல்லாம் சேந்து வண்டி 1300 கிலோன்னு வைங்க, சடார்னு பிரேக் அடிச்சா 70 சதவீதம் முன்னாடி வரும், அதாவது 910 கிலோ. தரைப் பிடிப்பு 0.8னு எடுத்தா முன் டயர் ரெண்டும் சேந்து 728 கிலோ விசைய பின்னாடி தள்ளும். லோயர் பிராக்கெட் தரைல இருந்து 300 மிமீ உயரத்துல இருந்தா அப்பர் லிங்க்ல வர்ற இழுவிசை 728 × 300 ÷ 180, கிட்டத்தட்ட 1213 கிலோ. லோயர் ரெண்டுக்கும் சேந்து 1941 கிலோ அமுக்கு விசை. இதே இடம் பத்தலன்னு 180ஐ 90 ஆக்கினீங்கன்னா அந்த ஒத்த அப்பர் லிங்க்ல 2427 கிலோ. அப்பர் பிராக்கெட் பிச்சுக்கிட்டு வந்த வண்டிங்கள்ல நிறைய இதுதான் கதை, வெல்டர் மேல பழி போடுவாங்க.

சேஸி பக்கம் வித்தியாசம் 120, 130 மிமீ வைக்கலாம். லோயர் 850 மிமீ நீளத்துக்கு கிட்ட வந்தா சந்தோஷம், நிக்குற உயரத்துல அது 10 டிகிரிக்கு மேல சாயாம பாத்துக்கோங்க, ரொம்ப சாஞ்சா படிக்கட்டு மாதிரி பாறைல முன் ஆக்ஸில் பின்னாடி மடங்கப் பாக்கும். அப்பர் லோயர்ல 70 சதவீதத்துக்கு கீழ குறைஞ்சா ஆட்டத்துல காஸ்டர் அலையும். பெல் ஹவுசிங், எக்ஸாஸ்ட், ஷாஃப்ட் மூணுக்கும் நடுவுல அப்பர நுழைக்கிறதுதான் ஜிப்சில பெரிய தலைவலி, எக்ஸாஸ்ட் பைப்ப மாத்தி வளைச்சாலும் பரவால்ல, லிங்க்க வளைக்காதீங்க.

காஸ்டர் 5 டிகிரி வைங்க. ஹவுசிங்க காஸ்டருக்காக சுத்தும்போது பினியன் அதே அளவு கீழ பாக்கும், தூக்கின வண்டில முன் ஷாஃப்ட் கோணம் அதனால மோசமாகும். ரெண்டுல ஒண்ணு விட்டுக் கொடுக்கணும்னா காஸ்டர விட்டுக் கொடுக்காதீங்க. முன் ஷாஃப்ட் ஃபோர் வீல்ல மெதுவா போகும்போது கொஞ்சம் அதிர்ந்தா பொறுத்துக்கலாம், காஸ்டர் இல்லாத வண்டி நேரா போகாது.

படி 4: பான்ஹார்டு, இங்கதான் வண்டி நல்லா வரும் இல்ல நாசமா போகும்

நம்ம ஊரு வண்டில ஸ்டியரிங் பாக்ஸ் வலது பக்கம், ட்ராக் லிங்க் அங்க இருந்து இடது நக்கிளுக்கு (ஆக்ஸில் முனைல சக்கரத்தோட சேந்து திரும்புற பாகம்) போகும். பான்ஹார்டும் அப்படியேதான்: சேஸி முனை வலது, ஆக்ஸில் முனை இடது. வெளிநாட்டு வீடியோ பாத்து அப்படியே காப்பி அடிச்சா எல்லாமே எதிர்ப்பக்கமா வந்துரும், கவனம்.

விதி ஒண்ணுதான். ட்ராக் லிங்க்கும் பான்ஹார்டும் ஒரே கோணம், முடிஞ்ச வரைக்கும் ஒரே நீளம். ஆக்ஸில் மேல கீழ போகும்போது ரெண்டும் ஒரே வட்டத்துல சுத்தினா ஸ்டியரிங் அசையாது, வேற வேற வட்டம்னா ஒவ்வொரு குழிக்கும் வீல் கைல வெட்டும். கோணம்ங்கிறது ஜாயிண்ட் மையத்துல இருந்து ஜாயிண்ட் மையத்துக்கு இழுத்த கோடு, டிஃப தாண்ட பைப்ப வளைச்சிருந்தா அந்த வளைவுக்கு இதுல வேலையே இல்ல. நூல ரெண்டு மையத்துலயும் கட்டி இழுத்துப் பாத்தா கண்ணுக்கே தெரிஞ்சிரும்.

கோணம் ஒண்ணா இருந்தா மட்டும் பத்தாது, ரெண்டும் மட்டமாவும் இருக்கணும். 850 மிமீ பான்ஹார்டு நிக்குற உயரத்துல மட்டமா இருந்தா 125 மிமீ கீழ தொங்கும்போது ஆக்ஸில் பக்கவாட்டுல 9 மிமீதான் நகரும். அதே ராடு நிக்கும்போதே ஒரு முனை 100 மிமீ இறங்கி இருந்தா அதே 125 தொங்கலுக்கு 24 மிமீ நகரும், மேல ஏறும்போது 6 மிமீ எதிர்ப்பக்கம் வேற. அதனால பான்ஹார்டோட ஆக்ஸில் பிராக்கெட்ட உயரமா கட்டி மட்டத்துக்கு கொண்டு வாங்க, ட்ராக் லிங்க்கையும் உயர்த்த நக்கிளுக்கு மேல பூட்டுற ஹை ஸ்டியர் ஆர்ம் ரெடிமேடா வாங்கிப் போடுங்க. நக்கிள், ஸ்டியரிங் ஆர்ம், பிட்மேன் ஆர்ம் (ஸ்டியரிங் பாக்ஸ்ல மாட்டுற கை), ட்ராக் லிங்க், இந்த நாலுலயும் வீட்ல வெல்டிங் வேண்டாம், சூடு பண்ணி வளைக்கிறதும் வேண்டாம். மத்தது உடைஞ்சா பெரும்பாலும் வண்டி நிக்கும், இது உடைஞ்சா வண்டி எங்க போகும்னு சொல்ல முடியாது.

சேஸி பக்க பான்ஹார்டு பிராக்கெட்ல இருந்து எதிர் சேஸி வரைக்கும் ஒரு குறுக்கு பைப் கட்டாயம். அந்த பிராக்கெட் ஆடிச்சுன்னா வேகத்துல முன்சக்கரம் ரெண்டும் பேய் புடிச்ச மாதிரி உதறும்.

படி 5: பிராக்கெட், டாக், ஆட்டிப் பாக்குறது

பிராக்கெட்ட முதல்ல அட்டைல வெட்டி வச்சுப் பாருங்க, அப்புறம் ப்ளேட். ஓட்டைய கேஸ் கட்டர்ல போடாதீங்க, சின்ன பிட்டுல ஆரம்பிச்சு ட்ரில்லுதான், ரெண்டு காதையும் (பிராக்கெட்ல போல்ட் போற பக்க ப்ளேட்டு) ஒண்ணா க்ளாம்ப் பண்ணி ஒரே தடவைல ஓட்டை போட்டா நேரா வரும். போல்ட் ஓட்டைக்குள்ள தட்டினாதான் போகணும், லூசா விழுந்தா அந்த ப்ளேட்ட தூக்கிப் போட்டுருங்க. போல்ட்டோட மரை இல்லாத வழவழ பகுதிதான் காதுல உக்காரணும். எந்த பிராக்கெட்டும் ஒத்தக் காதா இருக்கக் கூடாது, ரெண்டு பக்கமும் புடிக்கணும்.

ஜிப்சி ஹவுசிங் மெலிசு, அதனால அப்பர் பிராக்கெட்ட நேரா அது மேல வைக்காம ரெண்டு பக்க ட்யூபையும் சேத்து மேல ஒரு ட்ரஸ் (வலு கொடுக்குற பாலம் மாதிரி சட்டம்) கட்டி அதுல வைங்க.

எல்லாம் டாக்ல நிக்குதா? இப்ப ஸ்பிரிங் இல்லாம, சக்கரத்த மாட்டி, ரெண்டு ட்ராலி ஜாக்கியையும் ஆக்ஸில் ரெண்டு முனைக்கும் கீழ வைங்க. ரெண்டு பக்கமும் முழுசா மேல, ரெண்டும் முழுசா கீழ, அப்புறம் இடது மேல வலது கீழ, அப்புறம் மாத்தி. ஒவ்வொரு நிலைலயும் ஸ்டியரிங்க முழு வலது, முழு இடது ஒடிச்சுப் பாருங்க. பக்கத்துல ஒரு ஆள் டார்ச்சோட படுத்துக்கிட்டு சொல்லிட்டே இருக்கணும். எங்க இடிக்கும்னா: பான்ஹார்டு டிஃப் மூடில, டை ராடு (ரெண்டு முன்சக்கரத்தையும் சேத்து திருப்புறது) லோயர் லிங்க்ல, டயரோட உள் ஓரம் லோயர் லிங்க்ல, ஷாஃப்ட் குறுக்கு மெம்பர்ல, முழுசா மேல வரும்போது ட்ரஸ் ஆயில் சம்ப்புல. சம்ப்புக்கு 20 மிமீயாவது விடுங்க, இன்ஜின் மவுண்ட் ரப்பர்ல ஆடும். கீழ தொங்கும்போது முன் ஷாஃப்ட் ஸ்ப்லைன் கழண்டு வரப் போகுதா, மேல வரும்போது முட்டி நிக்குதான்னு செவுத்துல எழுதின அளவோட ஒப்பிட்டுப் பாருங்க. பக்கத்து வீட்டு பசங்க கேள்வி கேட்டு உயிர வாங்குவாங்க, அவங்க கைல டார்ச்ச கொடுத்துருங்க.

படி 6: ஸ்பிரிங், ஷாக்

வேபிரிட்ஜ்ல முன் ஆக்ஸில் எடைய மட்டும் போடுங்க. உதாரணத்துக்கு வின்ச்சோட 600 கிலோ வந்தா, ஆக்ஸில், சக்கரம் மாதிரி ஸ்பிரிங் தாங்காத எடை 170 கிலோ கழிச்சு மிச்சம் 430, ஒரு பக்கத்துக்கு 215 கிலோ. ஒரு மிமீக்கு 1.5 கிலோ ஸ்பிரிங் போட்டா நிக்கும்போது 143 மிமீ அமுங்கும். 400 மிமீ ஸ்பிரிங்னா நிக்கும்போது 257, முழுசா மேல வந்தா 157, முழுசா தொங்கினா 382, அதாவது அப்பவும் 18 மிமீ அமுங்கியே இருக்கும், கப்ப விட்டு வெளிய குதிக்காது. ஸ்பிரிங் சுத்துற பட்டறைல போய் 12 மிமீ கம்பி, 120 மிமீ சராசரி விட்டம், வேலை செய்ற சுத்து 8னு சொல்லுங்க, கிட்டத்தட்ட அதே 1.5தான் வரும், முனைச் சுத்து ரெண்டும் சேத்து முழுசா ஒட்டினா 120 மிமீ, நம்ம 157க்கு கீழ இருக்கு, சரி. ஸ்ப்ரிங் ஸ்டீல்தான்னு உறுதி பண்ணிக்கோங்க, சாதா கம்பில சுத்திக் கொடுத்தா வாரத்துல உக்காந்துரும்.

வேற வண்டி காயில வெட்டிப் போடலாமான்னு கேட்டா, வெட்டினா ஸ்பிரிங் குட்டையாகி கடினமும் ஆகும், அந்த வேலைக்கு போகாதீங்க.

ஷாக் 250 மிமீ ஆட்டம் உள்ளது எடுத்தா நமக்குத் தேவையான 225க்கு சரியா இருக்கும். ஷாக் மூடுறதுக்கு 10, 15 மிமீ முன்னாடியே பம்ப் ஸ்டாப் முட்டணும், முழுசா நீளுறதுக்கு 10 மிமீ முன்னாடி லிமிட் ஸ்ட்ராப் இழுத்துப் புடிக்கணும். இந்த ரெண்டும் இல்லாம ஷாக்கே எல்லா அடியையும் வாங்கினா மவுண்ட்டோட பிஞ்சு வரும்.

படி 7: முழு வெல்டிங்

பேட்டரி நெகட்டிவ் கழட்டுங்க, எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்ஷன்) வண்டின்னா ஈசியூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர் சாக்கெட்டையும். எர்த் க்ளாம்ப் பத்த வைக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே இருக்கணும், கரண்ட் வீல் பேரிங் வழியா ஓடினா பேரிங்ல புள்ளி புள்ளியா குழி விழும். பிரேக் க்ளீனர் ஸ்ப்ரே அடிச்ச இடத்துல ஆர்க் அடிக்கவே கூடாது, குளோரின் கலந்த க்ளீனரா இருந்தா அதுல இருந்து வர்ற ஃபாஸ்ஜீன் ஆள கொல்லும்.

ராடுன்னா 7018, 3.15 மிமீ, நல்லா காயவச்சது, டிசி மெஷின்ல. கேட்டு கிரில்லுக்கு வாங்குற 6013 இங்க வேண்டாம். மிக் மெஷின் இருந்தா 200 ஆம்ப் வகை. முதல்ல மிச்சமான 6 மிமீ துண்டுல பத்த வச்சு, வைஸ்ல புடிச்சு சுத்தியால மடங்குற வரைக்கும் அடிங்க, இன்னொண்ண குறுக்க அறுத்து உள்ள உருகி இறங்கிருக்கான்னு பாருங்க. வெல்டு பிஞ்சு வந்தா ஒரு நல்ல ஃபேப்ரிகேஷன் வெல்டர வீட்டுக்கு கூப்பிட்டுருங்க, டாக் வரைக்கும் உங்க வேலை, மிச்சம் அவர் வேலை. அதுல ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல.

ஆக்ஸில் ட்யூப்ல ஒரே இழுவைல போனா வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிரும். ஆயில வடிச்சு, ஆக்ஸில் ஷாஃப்ட், சீல் எல்லாம் வெளிய எடுத்துட்டு, 25 மிமீ ஒரு பக்கம், 25 மிமீ எதிர்ப்பக்கம், கைய வச்சா சுடாத அளவுக்கு ஆறினதும் அடுத்தது. தண்ணி ஊத்தி ஆத்தாதீங்க. சேஸில பேஸ் ப்ளேட்ட டைமண்ட் வடிவத்துல வெட்டி ஒட்டுங்க, சேஸிக்கு குறுக்க நேர்கோட்டுல வெல்டு விட்டா அந்தக் கோட்டுலயே விரிசல் ஆரம்பிக்கும்.

படி 8: பூட்டி இறக்குறது

பிரேக் ஹோஸ் நீளமானது போடணும், முழுசா தொங்கி முழு ஒடிப்புல இருக்கும்போதும் ஹோஸ் தளர்வா இருக்கணும், டயர்ல உரசவும் கூடாது. ரப்பர் புஷ் இருக்குற போல்ட்டெல்லாம் வண்டி தன் எடைல தரைல நின்னதுக்கு அப்புறம்தான் முழு டைட், தொங்கிட்டு இருக்கும்போது டைட் பண்ணா புஷ் முறுக்கின நிலையிலயே வேலை செஞ்சு சீக்கிரம் கிழியும். வீல்பேஸ் ரெண்டு பக்கமும் ஒண்ணா வர்ற மாதிரி லோயர திருப்புங்க, அப்புறம் அப்பர திருப்பி காஸ்டர், அப்புறம் பான்ஹார்டுல ஆக்ஸில நடுக்கோட்டுக்கு, கடைசில டோ இன் (முன்சக்கரங்களோட முன் ஓரம் உள்பக்கம் சாய்றது) 2ல இருந்து 4 மிமீ, ஸ்டியரிங் வீல நேராக்குறது ட்ராக் லிங்க்ல. இந்த வரிசைய மாத்தினா திரும்பத் திரும்ப முதல்ல இருந்து வரணும்.

எல்லா போல்ட்லயும் நட்டுல இருந்து பிராக்கெட் வரைக்கும் பெயிண்ட் மார்க்கர்ல ஒரு கோடு. முதல் ஓட்டம் காலி மைதானத்துல 20ல, பிரேக் அடிச்சு, ஸ்டியரிங்க விட்டுப் பாத்து, திரும்ப வந்து கோடு எதாவது நகந்திருக்கா, வெல்டு ஓரத்துல பெயிண்ட் கீறி இருக்கான்னு பாருங்க. அப்புறம் 40, அப்புறம் 60. 60க்கு மேல இந்த வண்டிக்கு வேலை இல்ல. ஒவ்வொரு ட்ரெயிலுக்கு அப்புறமும் சேத்த கழுவினதும் முதல்ல ஜாம் நட்டுங்களையும் (ராட் எண்ட் மரைய பூட்டுற நட்டு) பான்ஹார்டு ரெண்டு முனையையும் பாத்துருங்க, ட்ரெய்லர் பாக்ஸ்ல ஒரு ராட் எண்டும் ரெண்டு எம்14 போல்ட்டும் ஸ்பேரா கிடக்கட்டும்.